படுகளத்தில் ஹெக்குபா

(ஆத்தூரில் நாடக மாணவர்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கிரேக்க நாடகம் ஒன்றைக் கையிலெடுக்கும் கல்லூரிக் குழுவில், பாத்திரம் பிரிக்கிற அன்றே மனத்தாங்கல் தொடங்கிவிடும். ஈடிப்பஸ் வேண்டும் என்று நாலு பேர் நிற்பார்கள். ஆண்டிகனிக்குப் போட்டி இன்னும் அதிகம். ஏமாந்து போனவர்களையெல்லாம் சேர்த்து 'கோரஸ்' என்று ஓரமாக நிறுத்துவார்கள். கறுப்பு உடை, ஒரே குரலில் ஒப்பிக்கிற வசனம், நடுநடுவே கையை உயர்த்தி ஓர் அலறல். கதாநாயகன் பேசும்போது இவர்கள் அசையக் கூடாது. அசைந்தால் திட்டு விழும்.

ஏதென்ஸில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. வசந்த காலத்தில் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுக்கும் பெருவிழாவில் நாடகம் போட விரும்பிய கவிஞர், ஆர்க்கோன் என்னும் அதிகாரியிடம் போய்க் கேட்டது ஒரு கோரஸைத்தான். அனுமதி கிடைத்தது என்றால் கோரஸ் கிடைத்தது என்று பொருள். செலவை ஊரில் உள்ள ஒரு பணக்காரர் தலையில் கட்டினார்கள். துணி, பயிற்சி, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. முதலில் கோரஸில் 12 பேர். அதை 15 ஆக்கியவர் சோபாக்ளிஸ் என்பார்கள். இவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, ஊர்க் குடிமக்கள். போர்ப் பயிற்சியில் இருந்த இளைஞர்களே கோரஸாக ஆடினார்கள் என்று ஜான் விங்க்லர் என்ற அறிஞர் 1985-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர் சொன்னது சரியென்றால் கிரேக்க அவல நாடகத்தின் முதல் மாணவ நடிகர்கள் கோரஸ்காரர்கள்தான். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இல்லை. இருந்தாலும் இன்றைக்கு ஓரமாக நிற்க வைக்கப்படும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவைப்பதில் தப்பில்லை.

நவீன காலத்தில் இந்த நாடகங்களுக்கு மறுபடியும் உயிர் கொடுத்ததும் மாணவர்களே. 1880-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 'அகமெம்னான்' நாடகத்தைப் பழைய கிரேக்க மொழியிலேயே நடித்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்கள் 'ஈடிப்பஸ்' போட்டார்கள். 1882-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கிரேக்க நாடக வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தக் காலத்து நோக்கம் வேறு. உச்சரிப்பு பிசகக் கூடாது, வேட்டி மடிப்பு பானை ஓவியத்தில் இருப்பதுபோலவே விழ வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கதை தன் ஊரில் யாருக்கு நடக்கிறது என்று கேட்கும் துணிச்சல் பிறகு வந்தது.

அப்படிக் கேட்டவர்களில் ஜப்பானியர் சுஸுகி தடாஷியை மாணவர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். 1974-ல் டோக்கியோவில் யூரிப்பிடிஸின் 'ட்ராய் நகரத்துப் பெண்கள்' நாடகத்தை எடுத்தவர், கதையைத் தன் நாட்டுப் போர் இடிபாடுகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார். நோ என்னும் பழைய ஜப்பானிய நாடக மரபில் பழகிய நடிகரும் நவீன நடிகரும் ஒரே மேடையில் நின்றார்கள். அவருடைய பயிற்சி முறை பாதத்திலிருந்து தொடங்கும்: தரையை ஓங்கி மிதித்து, இடுப்புக்கு மேலே உடம்பு அசையாமல், மூச்சைக் கட்டிப் பேச வேண்டும். இந்தப் பயிற்சியைப் படத்தில் பார்த்துவிட்டு வியக்கிற நம் மாணவர்கள், சலங்கை கட்டி விடிய விடியக் கிறிக்கி சுற்றிவிட்டு மூச்சு வாங்காமல் விருத்தம் பாடும் கூத்துக்காரரை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆத்தூரில் இருப்பவர்களுக்கு அதற்கு ஜப்பான் போக வேண்டியதில்லை. பஸ் ஏறினாலே போதும்.

இந்தியாவில் 1964 குறிப்பிட வேண்டிய ஆண்டு. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காஸி மாணவர்களை வைத்து ஈடிப்பஸ் எடுத்தார். கல்கத்தாவில் சம்பு மித்ராவின் பஹுரூபி குழு 'ராஜா ஈடிப்பஸ்' நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே, மகாபாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் தரம்வீர் பாரதியின் 'அந்தா யுக்' நாடகத்தை ஃபெரோஸ் ஷா கோட்லா கோட்டை இடிபாட்டில் அல்காஸி மேடையேற்றியிருந்தார். அதில் காந்தாரி அழுகிறாள், சபிக்கிறாள். அதைப் பார்த்தவர்களுக்கு யூரிப்பிடிஸின் ட்ராய் ராணி ஹெக்குபா அந்நியமாகத் தெரிந்திருக்க முடியாது.

அல்காஸியிடம் பயின்று தமிழ்நாடு திரும்பியவர் சே. இராமானுஜம். காந்திகிராமத்தில் 1977-ல் நடந்த நீண்ட நாடகப் பட்டறை அவர் முன்னின்று நடத்தியது. நவீனத் தமிழ் நாடகத்தில் பிற்பாடு பெயரெடுத்த பலர் அங்கிருந்து கிளம்பியவர்கள். மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் 1978-ல் மதுரையில் தோன்றியது. தமிழில் கிரேக்க அவலத்தைத் தொட்ட இரண்டு முக்கியமான முயற்சிகள் இந்த இருவருடையவை. மு. ராமசாமி 'ஆண்டிகனி'யைத் தழுவி 'துர்க்கிர அவலம்' செய்தார். இராமானுஜம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் இருந்த காலத்தில் 'ட்ராய் நகரத்துப் பெண்கள்' நாடகத்தைத் தழுவி 'வெறியாட்டம்' செய்தார். நம் பெண்களின் ஒப்பாரிதான் அந்த நாடகத்தின் முதுகெலும்பு.

கிரேக்கத்தையும் தமிழையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்குப் பின்னால் ஒரு படிப்பும் உண்டு. இலங்கையிலிருந்து போன க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்ஸனிடம் ஆய்வு செய்தவர்கள். 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' என்ற நூலை 1941-ல் எழுதிய கிரேக்கவியல் அறிஞர் அவர். கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வு 1968-ல் நூலானது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1981-ல் வந்தது. சடங்கிலிருந்து நாடகம் எப்படிப் பிரிந்து வருகிறது என்ற கேள்வியை ஏதென்ஸையும் தமிழகத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவர் சிவத்தம்பி. கிரேக்கமும் தமிழும் ஒன்று என்று பெருமையடிக்க எழுதிய புத்தகம் இல்லை அது. எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்பதைத் தேடிய புத்தகம். நாடகம் போடுகிறவர்களுக்கும் அந்தத் தேடலே உதவும்.

இனி 'ட்ராய் நகரத்துப் பெண்கள்' நாடகத்துக்கு வருவோம். கி.மு. 415-ல் அரங்கேறியது. போர் முடிந்துவிட்டது, ஆண்கள் எல்லோரும் செத்தாயிற்று. கரையில் கூடாரம். உள்ளே அடிமைகளாகப் பங்கு பிரிக்கப்படக் காத்திருக்கும் பெண்கள். ராணி ஹெக்குபா யாருக்கு, மகள் கஸாண்ட்ரா யாருக்கு, மருமகள் ஆண்ட்ரமாக்கி யாருக்கு என்று படையின் தூதன் டால்திபியஸ் வந்துவந்து சொல்கிறான். கடைசியில் ஆண்ட்ரமாக்கியின் கைக்குழந்தையைக் கோட்டைச் சுவரிலிருந்து தள்ளிவிட உத்தரவு வருகிறது. பிணம் அப்பனுடைய கேடயத்தின் மேல் கிடத்தப்பட்டுப் பாட்டியிடம் வந்துசேர்கிறது. கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். திருப்பம் இல்லை, தப்பிப்பவர் இல்லை.

இதை யார் முன்னால் போட்டார் யூரிப்பிடிஸ்? அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவை முற்றுகையிட்டு வென்று, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் பலர் அரங்கில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். அவர்கள் கண் முன்னால் எதிரி வீட்டுப் பெண்களை நிறுத்தி, ஒரு நாடகம் முழுக்க அவர்களையே பேசவிட்டார். போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய ஸெனக்ளிஸின் நாடகம் ஒன்றுகூட இன்று கைக்குக் கிடைக்கவில்லை.

எதிரி வீட்டுப் பெண்ணுக்கு அழ இடம் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தின் பதினெட்டாம் போர் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் ஆள் நீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக மல்லாந்து கிடக்கும். பீமன் வேடக்காரர் தொடையைப் பிளப்பார். திரௌபதி அவிழ்த்த கூந்தலை முடிப்பாள். ஊரே காத்திருந்த நேரம் அது. விழா திரௌபதியுடையது, வெற்றியும் அவளுடையது. ஆனாலும் பல ஊர்களில் துரியோதனன் வீட்டுப் பெண்கள் படுகளத்துக்கு வந்து மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கூட்டத்தில் உள்ள பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். அப்போது யாரும் "எதிரிக்கு ஏன் அழுகிறாய்" என்று கேட்பதில்லை.

இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட ஆசை வரும். அவசரப்படக் கூடாது. பாரதக் கூத்தில் திரௌபதிக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. சபைக்கு இழுத்துவரச் சொன்னவனின் ரத்தம் கூந்தலில் ஏறுகிறது; பாஞ்சாலியின் சபதம் நிறைவேறுகிறது. ஹெக்குபாவுக்கு எந்தப் பதிலும் இல்லை. நாடகத்தின் தொடக்கத்திலேயே தெய்வங்களான பொசைடனும் அதீனாவும் கிரேக்கக் கப்பல்களைக் கடலில் அழிப்பதென்று பேசி முடித்துவிடுகிறார்கள். அது நமக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கூத்தின் வேகத்தையும் முழக்கத்தையும் அப்படியே தூக்கி இந்த நாடகத்தில் போட்டால், நிறைவேறாத ஒன்று நிறைவேறிவிட்டதுபோல் பார்வையாளர் எழுந்து போய்விடுவார். அதனால்தான் இராமானுஜம் கூத்தின் வீர விருத்தத்தை விட்டுவிட்டு ஒப்பாரியைத் தேர்ந்தது கூர்மையான முடிவாகத் தெரிகிறது.

ஒப்பாரி என்றதும் மாணவர்கள் கண்ணீரை நினைத்துக்கொள்கிறார்கள். ஒத்திகையில் முதலில் தப்பிப் போவது அங்கேதான். எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் அம்மாக்களை உட்கார்ந்து கவனித்தவர்களுக்குத் தெரியும்: வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சாய்த்து, முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்கிறாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அவள் குரல் தளர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் அடுத்த அடியை எடுக்கிறாள். புதிதாக ஒருத்தி கோடித் துணியோடு வாசலில் நுழைந்தால் பாட்டே மாறுகிறது. நேற்றுவரை பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாராக இருந்தால் அவளுக்கென்று இரண்டு வரி விழும். சொத்தில் பங்கு தராத அண்ணன், சீர் செய்யாத பிறந்த வீடு, கடைசிக் காலத்தில் எட்டிப் பார்க்காத மகன் எல்லோரும் பாட்டுக்குள் வருவார்கள். சாதாரண நாளில் வாய் திறந்து கேட்டால் சண்டையாகிவிடும் கணக்குகளை அன்றைக்கு ஊரறியப் பாட்டாகக் கேட்கலாம். யாரும் தடுக்க முடியாது.

செஞ்சிப் பக்கத்து ஊர்களில் தங்கி இசபெல் கிளார்க்-தெசே என்ற மானிடவியலாளர் எழுதிய நூல் 2005-ல் வந்தது. செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதே அதன் தலைப்பு. ஒப்பாரிப் பெண்கள் தங்கள் குறையைத்தான் பாடுகிறார்கள் என்று அவர்களே சொன்னதை வைத்து எழுதியது. நம் ஊர்க் கிழவி ஒருத்தியிடம் இதைச் சொன்னால் "இதுக்கு ஒரு புத்தகமா?" என்று கேட்பாள்.

பழைய ஏதென்ஸிலும் இந்தக் குரல் ஆட்சியாளர்களுக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொலோன் இயற்றிய சட்டங்களில், சாவில் பெண்கள் உடம்பைக் கீறிக்கொள்வதையும் கட்டிவைத்த ஒப்பாரி பாடுவதையும் கட்டுப்படுத்தும் விதிகள் இருந்ததாக புளுடார்க் எழுதுகிறார். வீதியில் அடக்கப்பட்ட அந்த ஒப்பாரி, பெண் முகமூடி போட்ட ஆண்களின் வாய் வழியாக நூறாண்டுக்குப் பின் அரங்கத்தில் கேட்டது. கூத்திலும் பெண் வேடம் ஆண்கள் கட்டியதுதான். இப்போது கல்லூரி ஒத்திகையில் பெண்களே ஹெக்குபாவாகவும் கோரஸாகவும் நிற்கிறார்கள். சின்ன மாற்றமில்லை இது. பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்து, அதைப் பாடக் கூச்சப்படும் முதல் தலைமுறைப் பெண்கள் இவர்கள். அந்தக் கூச்சத்தை உடைக்கவே ஒத்திகையின் பெரும் பகுதி போய்விடும், போகட்டும்.

ஆக, வேலை எங்கே தொடங்க வேண்டும்? நடிகையின் கண்ணீரை நிறுத்துவதில். நிஜமாக அழுதால் தொண்டை அடைத்துக்கொள்ளும், சொல் போய்விடும். ஒப்பாரி வைப்பவள் சொல்லை இழப்பதே இல்லை. அவளுடைய கணக்கு பிசகுவதில்லை. பாரிஸில் 1956-ல் நாடகப் பள்ளி தொடங்கிய ஜாக் லெகாக் கோரஸ் பயிற்சியில் மேடையை ஒரு தட்டாக நினைக்கச் சொல்வார். ஒருவர் நகர்ந்தால் தட்டு சாயாமல் மற்றவர்கள் இடம் மாற வேண்டும். எழவு வீட்டு வட்டத்தில் இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கிறது. மாணவர்கள் வசனத்தைத் தொடுவதற்கு முன் சில நாட்கள் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, எடுத்துக்கொடுப்பதையும் வாங்குவதையும் மட்டும் பழகினால் நல்லது. கோரஸுக்குள் பதினைந்து தனித்தனிப் பெண்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியவரும். ஒருத்திக்குப் புருஷன் மேல் துக்கம், ஒருத்திக்குக் கோபம், இன்னொருத்தி எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்ற கவலையில் இருக்கிறாள். யூரிப்பிடிஸ் இதை எழுதியே வைத்திருக்கிறார்: அந்தப் பெண்கள் எந்த நாட்டுக்குப் போனால் பரவாயில்லை, எந்த நாடு வேண்டாம் என்று பாடுகிறார்கள். கடைசிக் காட்சியில் மண்டியிட்டு, செத்தவர்கள் காதில் விழும்படி தரையைக் கையால் அடிக்கிறார்கள். மாரடித்துப் பழகிய கைக்கு அந்த அடியின் தாளம் தானாக வரும்.

ஹெலன் காட்சியிலும் இந்தப் பாடம் உதவும். போருக்குக் காரணம் என்று எல்லோரும் சொல்லும் ஹெலன், புருஷன் மெனலாஸ் முன்னால் தன் பக்கத்தை வாதாடுகிறாள். ஹெக்குபா ஒவ்வொன்றாக உடைக்கிறாள். திடீரென்று வழக்காடு மன்றம் வந்துவிட்டதே என்று பல இயக்குநர்கள் இந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள். ஒப்பாரிக்குள் வழக்கு இருப்பதை அறிந்த தமிழ் நடிகைக்கு அது ஒட்டாத காட்சியாகத் தெரியாது. இத்தனை நேரம் பாட்டில் கேட்ட கணக்கையே இப்போது பேச்சில் கேட்கிறாள்.

டால்திபியஸ் பாத்திரத்தைக் கூத்தின் கட்டியங்காரனாக்கலாமா என்ற கேள்வி தமிழில் யார் எடுத்தாலும் வரும். இரண்டு பேரும் நடுவில் நிற்கிறவர்கள், சேதி சொல்கிறவர்கள். செய்யலாம், ஆனால் ஆபத்து உண்டு. கட்டியங்காரன் வந்தாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். முதல் வருகையில் அந்தச் சிரிப்பைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு உத்தரவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டால், குழந்தையை வாங்க வரும்போது அரங்கில் ஒருவரும் சிரிக்க மாட்டார். மூல நாடகத்திலும் அவன் வெட்கப்படுகிறவன்தான். அந்த உத்தரவைச் சொல்லத் தன் வாய் வரவில்லை என்று தயங்குகிறான்.

வேடத்தை மட்டும் மாற்றுகிற வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சங்கீத நாடக அகாதமி 1984 முதல் சில ஆண்டுகள், மரபுக் கலைகளை ஆராயும் இளம் இயக்குநர்களுக்கு நிதி கொடுத்தது. அதில் நல்ல நாடகங்கள் வந்தன. கூடவே, புஜக்கட்டையும் கிரீடமும் மாட்டிவிட்டால் போதும் என்ற போக்கும் நாடெங்கும் வளர்ந்தது. அது அப்போதே கண்டிக்கவும் பட்டது. ஈடிப்பஸுக்குக் கூத்து உடை போடுவது தையல்காரர் வேலை. துக்கத்தின் நடைமுறையை, யார் யாருக்கு எடுத்துக்கொடுப்பது என்பதை, கேள்வி கேட்கும் உரிமையை மேடைக்குக் கொண்டுவருவதுதான் நாடகக்காரர் வேலை.

உலகத்தில் இந்த நாடகங்கள் எங்கே உயிரோடு இருந்திருக்கின்றன என்று பார்த்தாலும் இதே கதை. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் 'ஆண்டிகனி' போட்டபோது நெல்சன் மண்டேலா ஏற்றது கொடுங்கோலன் கிரியோன் வேடம். அந்தச் சிறையில் இரண்டு கைதிகள் 'ஆண்டிகனி' ஒத்திகை பார்ப்பதையே கதையாக்கி அத்தோல் ஃபுகார்டு, ஜான் கானி, வின்ஸ்டன் ந்த்ஷோனா மூவரும் 1973-ல் 'தி ஐலண்ட்' செய்தார்கள். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் 'ட்ரோஜன் காந்தாவோ' போட்டார். ஒரு பக்கத்து ஜனங்களுக்கு எதிர்ப் பக்கத்துப் பெண்களைக் காட்டும் வேலை அங்கே அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. 2013-ல் ஜோர்டானின் அம்மான் நகரில் சிரிய அகதிப் பெண்கள் ஹெக்குபாவின் வசனத்துக்கு நடுவே தங்கள் சொந்த வாக்குமூலத்தைச் சொல்லி நடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் மேடை ஏறியவர்கள் இல்லை.

அடுத்து எந்த நாடகம் எடுக்கலாம் என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. ஆத்தூரிலிருந்து உளுந்தூர்பேட்டைச் சாலையில் சின்னசேலம், கள்ளக்குறிச்சி தாண்டிப் போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் கூவாகம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அரவானுக்காகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தும் ஊர். பாரதக் கதையில் போர் வெல்ல ஒரு களப்பலி வேண்டும். இளைஞன் அரவான் ஒப்புக்கொள்கிறான். சாவதற்கு முன் கல்யாணம் வேண்டும் என்று கேட்கிறான். யூரிப்பிடிஸின் 'அவுலிஸில் இஃபிகேனியா'விலும் படை புறப்பட ஒரு பலி வேண்டும். மகளைக் கல்யாணம் என்று சொல்லி வரவழைக்கிறான் அப்பன் அகமெம்னான். அங்கே கல்யாணம் அப்பன் சொல்லும் பொய், இங்கே சாகப்போகிறவன் வாங்கும் உரிமை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஒத்திகை பார்க்கலாம்.

முடிவை எப்படிப் போடுவது என்பதை முதல் வாரத்திலேயே பேசித் தீர்த்துவிட வேண்டும். நமக்குக் கிடைத்துள்ள பிரதியில், வெட்டப்பட்ட இடத்தில் இஃபிகேனியாவைக் காணவில்லை, அங்கே ஒரு மான் கிடந்தது என்று தூதன் வந்து சொல்கிறான். அந்தப் பகுதி யூரிப்பிடிஸ் எழுதியதுதானா என்று அறிஞர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். அரவானுக்கு எந்த மானும் வருவதில்லை. மானை வைத்துக்கொள்வதானால், தாய் கிளைட்டெம்னெஸ்ட்ராவாக நடிக்கும் பெண் அந்தச் சேதியை எப்படிக் கேட்பது என்பதுதான் அடுத்த வேலை. பிரதியில் அவள் அதை நம்பவில்லை. தன்னைத் தேற்றக் கட்டிய கதையோ என்று கேட்கிறாள். பத்து வருஷம் கழித்துப் போர் முடிந்து வீடு திரும்பும் புருஷனை வெட்டப்போவதும் அவள்தான்.